மூன்றாவது வரிசை

இன்ஜினை முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது பட்டறையில் இருந்தவர்கள்: நான். என் மாமனார், முன்னாள் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிர்க் கொட்டகையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் அடிக்கும் வெல்டர். அவருடைய நாய், அது சத்தம் கேட்டதும் எழுந்து போய்விட்டது. அப்புறம், மாமனார் கையை நீட்டிப் பிடித்திருந்த போனுக்குள், எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, அவருடைய மகள். என் மனைவியாக நான்கு வருடம் இருந்தவள். போன் இன்ஜினைப் பார்த்தபடி இருந்தது. அவளுக்கு என் முகம் தெரிந்திருக்காது. கைகள் தெரிந்திருக்கலாம்.

சாவியைத் திருப்பியதும் இரண்டு முறை முனகி, மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. புதிதாகக் கட்டிய இன்ஜினை உடனே மெதுவாக ஓடவிடக் கூடாது. ஆக்சிலரேட்டரை அளவாக மிதித்துப் பிடித்து, கால் மணி நேரம் ஒரே வேகத்தில் இரைய விட வேண்டும். உள்ளே இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று பழகிக்கொள்ளும் நேரம் அது. புகை வந்தது, கைபட்ட இடத்து எண்ணெயெல்லாம் சைலன்சர் மேல் எரிந்து நாறியது, மாமனார் மூக்கை மூடிக்கொள்ளாமல் நின்றார். வெல்டர் தன் முகமூடியை மண்டைக்கு மேல் தூக்கிவிட்டு, "சிங்கம் கர்ஜிக்குதுப்பா" என்றார். போனிலிருந்து அவள் குரல் வந்தது. என்னிடம் சொல்லவில்லை, அவள் அப்பாவிடம் சொன்னாள்.

"பரவாயில்லையேப்பா. ஒரு வழியா ஒண்ணையாவது முழுசா முடிச்சுட்டாரு."

இதில் கிண்டல் பாதி, உண்மை முழுசு. பாலிடெக்னிக்கை மூன்றாம் வருடத்தில் விட்டவன் நான். பாட்டில் கம்பெனியில் ஏழு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். அதையும் ஒரு நாள், ஷிப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது, கையுறைகளைக் கழற்றி ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவை பாட்டில்களோடு சேர்ந்து அடுத்த ஆளிடம் போயிருக்கும். கல்யாணமும் அந்தக் கணக்கில்தான் சேரும். அவளுக்குப் பகல் வேலை, எனக்கு இரவு வேலை. ஒரே கட்டிலை ஆளுக்கொரு நேரம் உபயோகித்தோம். அவள் தலையணையில் இருக்கும் சூடு ஆறுவதற்குள் நான் படுப்பேன். பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை போட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும்.

கால் மணி நேரம் முடிந்து நான் காலை எடுத்தேன். இரைச்சல் இறங்கியது. இறங்கிய இடத்தில் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே ஒரு விக்கல். கொஞ்சம் விட்டு இன்னொன்று. மட்கார்டு மேல் வைத்திருந்த ஸ்பேனர் ஒவ்வொரு விக்கலுக்கும் கொஞ்சம் நகர்ந்தது.

"என்ன சத்தம்பா அது?" என்றாள் அவள்.

"யாரோ நினைச்சுக்கறாங்க போல, இன்ஜினுக்கு விக்கல் எடுக்குது" என்றார் வெல்டர். யாரும் சிரிக்கவில்லை. நான் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

அன்று திங்கட்கிழமை. மாமனார் வீட்டை விற்றிருந்தார். சனிக்கிழமை காலை சாவியை ஒப்படைத்துவிட்டு, இந்தக் காரிலேயே மகள் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. இனி அங்கேதான். போனை வைக்கும் முன் அவள் திட்டமாகச் சொல்லிவிட்டாள். "சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா அந்தப் பழைய டப்பாவ அங்கயே யார் தலைலயாவது கட்டிட்டு பஸ்ல வாங்கப்பா. நான் டிக்கெட் போட்டுடறேன்." மாமனார் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பஸ்ல போனா, அவ என்னைக் கூட்டிட்டுப் போற மாதிரி மாப்ள. கார்ல போனா, நானா போய் இறங்கற மாதிரி. அங்க வாசல்ல வண்டி நிக்குதுன்னா எப்ப வேணும்னாலும் கிளம்பலாம்ல? கிளம்ப மாட்டேன். ஆனா கிளம்பலாம்."

விவாகரத்துக்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டுப் பார்த்தார். அது அவர் வாயில் ஒட்டவில்லை. பிறகு ஒருநாள் எண்ணெய் மாற்ற வண்டியைக் கொண்டுவந்தபோது பழையபடி 'மாப்ள' ஆனது. நானும் மாமா என்றே விட்டுவிட்டேன். எங்களுக்குள் எந்த உறவும் இல்லை. கூப்பிட ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். மனைவி போய் ஆறு வருடம். இன்ஜினை இறக்கிய நாளிலிருந்து தினமும் காலை ஒன்பதரைக்கு வந்து, என் உடைந்த கார் சீட் ஒன்றில் உட்கார்ந்து, பேப்பரை முழுக்கப் படித்து, ஒரு மணிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குத் திரும்ப வந்து விளம்பரங்களைப் படிப்பார். மூன்று வாரம் இப்படி. என் பட்டறைக்கு வாடிக்கையாளர்கள் வண்டியை விடவும் எடுக்கவும் வருவார்கள். உட்கார வருகிறவர் இவர் ஒருவர்தான்.

செவ்வாய்க்கிழமை முறையாக ஆரம்பித்தேன். நான்கு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது எளிது. ஓடும்போதே, பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். வேலை செய்கிற சிலிண்டருடையதைக் கழற்றினால் இன்ஜின் தடுமாறும். வேலை செய்யாததைக் கழற்றினால் அதற்குத் தெரியவே தெரியாது. ஒன்றைக் கழற்றினேன், தடுமாறியது. இரண்டு, தடுமாறியது. மூன்றைக் கழற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. சிலர் வேலையை விட்டுப் போனால் கம்பெனிக்குத் தெரியாதே, அந்த மாதிரி.

"மூணுதான்" என்றேன், எனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

"மூணா?" என்றார் மாமனார். பேப்பர் ஒரு நிமிடம் அவர் மடியில் இறங்கி மறுபடி ஏறியது.

மூன்றாவதன் ஸ்பார்க் பிளக்கை இரண்டாவதற்கு மாற்றினேன். பிளக் கெட்டிருந்தால் விக்கல் இரண்டாவதற்குப் போக வேண்டும். போகவில்லை, மூன்றிலேயே இருந்தது. காயிலை மாற்றினேன், மூன்றிலேயே. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றினேன். அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, விரல் முட்டி இரண்டில் தோல் உரிந்தது. மூன்றிலேயே. வயர்களை மீட்டர் வைத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்கு. எல்லாம் ஒழுங்காக இருப்பதைவிட எரிச்சலான விஷயம் இந்தத் தொழிலில் கிடையாது.

புதன்கிழமை காலை கம்ப்ரஷன் பார்த்தேன். பிளக் துளையில் ஒரு மீட்டரைத் திருகி, ஸ்டார்ட்டரைச் சுற்றினால், சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்று முள் காட்டும். நான்கும் ஒரே அளவு. மூன்றாவது மற்றவற்றைவிட ஒரு மயிரிழை மேலேகூட நின்றது. பிஸ்டன், ரிங், வால்வு எதிலும் ஓட்டை இல்லை என்று அர்த்தம். பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது. ஆனாலும் அவன் வேலை செய்ய மாட்டேன் என்கிறான். காற்று எங்காவது திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று, காற்றை உள்ளே கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டைச் சுற்றி ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். இல்லை. மத்தியானம் வெல்டர் வந்து பானட்டுக்குள் தலையை விட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"தையல் மெஷின் சத்தம் ஒண்ணு வருதே?"

"இன்ஜெக்டர் சத்தம். எல்லா வண்டிலயும் வரும்."

"நீ டாக்டர், நீ சொன்னா சரி. நான் காம்பவுண்டர்தான." போகும்போது மாமனாரிடம் சொன்னார்: "பெரியவரே, பஸ்ல போங்க. ஏசி போட்டு, படமும் போடுவான்."

"படம் எனக்குக் கண்ணு தெரியாது" என்றார் மாமனார். காலையிலிருந்து பொடி எழுத்து விளம்பரம் படித்துக்கொண்டிருந்தவர்.

அன்று மாலை அவர் கிளம்பத் தாமதித்தார். பேப்பரை மடித்தார், பிரித்தார், மடித்தார். அவர் வீட்டில் கட்டிலும் ஒரு நாற்காலியும் தவிர எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. அங்கே போனால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நானும் பட்டறைக்குப் பின்னால் ஒரே அறையில் இருக்கிறவன்தான். ஒரு நாற்காலி இருக்கும் அறையில் உட்காருவது ஒரு வேலை மாதிரி. யாராவது எழுப்பும்வரை செய்ய வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மூன்று நாளும் எனக்குக் கோபம் இருந்தது, அவமானம் இருந்தது, ஆனால் அவசரம் இருக்கவில்லை. இன்ஜின் சரியாகிவிட்டால் சனிக்கிழமை அந்தக் கார் சீட் காலியாகும் என்பது என் மண்டையில் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேண்டுமென்றே எதையும் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு, அதன் பக்கத்தில் நிற்காமல், உள்ளே போய் டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது விக்கல் ஆரம்பித்திருக்கும். நின்று கேட்டிருந்தால் முதல் நாளே விஷயம் புரிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை நான் டீயோடு வந்தபோது மாமனார் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். இன்ஜின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"சரியாயிடுச்சா?" என்றேன்.

"இரு."

டீ ஆறியது. பிறகு ஒரு விக்கல், கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"எட்டு நிமிஷம்" என்றார் அவர். "நேத்தும் எட்டு. முந்தாநேத்து ஏழரை."

நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது அப்போதே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. சூடு என்ற ஒரே சொல்தான் மண்டையில் இருந்தது. குளிர்ந்த இன்ஜினில் நான் கம்ப்ரஷன் பார்த்திருந்தேன். நோயாளிக்குக் காய்ச்சல் சாயங்காலம் வருகிறது, நான் காலையில் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறேன். இன்னும் அரை மணி நேரம் ஓடவிட்டு, நன்றாகச் சூடேறியதும் அணைத்து, துணியைச் சுற்றிக்கொண்டு பிளக்கைக் கழற்றினேன். துணி போதவில்லை. உள்ளங்கையில் ஒரு கோடு வெந்தது. மீட்டரைத் திருகி ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். மற்ற மூன்றும் பன்னிரண்டைத் தொட்டன. மூன்றாவது நாலில் நின்றுவிட்டது.

சூடானால் வால்வு நீளும். அதனால்தான் வால்வுக்கும் அதை மேலிருந்து அமுக்கும் கேமுக்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட்டு வைப்பார்கள். இந்த இன்ஜினில் அந்த இடைவெளியைத் தீர்மானிப்பது ஒரு சின்ன இரும்பு வில்லை, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, ஷிம் என்போம். சிலிண்டருக்கு நான்கு வால்வு, நான்கு ஷிம். ஒவ்வொன்றும் வேறு வேறு கனம், அந்தந்த இடத்துக்கு அளந்து பொறுக்கியது. கனம் கூடின ஷிம் தப்பான இடத்தில் இருந்தால் இடைவெளியே இருக்காது. குளிரில் வால்வு மூடும். சூடேறி நீண்டதும் மூட இடமில்லாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அழுத்தம் எல்லாம் அந்த வழியாகப் போய்விடும்.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து மேல்மூடியைக் கழற்றினேன். இடைவெளி அளக்கும் தகடுகளில் மிக மெல்லியதை எடுத்து முதல் வரிசையில் நுழைத்தேன், நுழைந்தது. இரண்டு, நான்கு, எல்லாம் அளவாக இருந்தன. மூன்றாவது வரிசையில் முதல் இரண்டு வால்வில் இடைவெளி தொளதொளவென்று இருந்தது. வெல்டர் கேட்ட தையல் மெஷின் அதுதான். அடுத்த இரண்டில் தகடு உள்ளேயே போகவில்லை. கேமைத் தூக்கி, நான்கு ஷிம்மையும் காந்தத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பி, பொறித்திருந்த எண்களைப் படித்தேன்.

சின்னதிலிருந்து பெரிது. ஒன்றுக்கடுத்து ஒன்று, ஏறுமுகமாக. எந்த இன்ஜினும் தானாக அப்படி அமையாது. ஒரு மனிதன்தான் அப்படி அடுக்குவான். மற்ற வரிசை ஷிம்களில் பழைய எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. இந்த நான்கும் புதுப் பாத்திரம்போலப் பளபளத்தன.

போன வாரம் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் மேல்பாகத்தை, பூட்டும் முன் பதினாறு ஷிம்மையும் ஒரு முட்டை அட்டையில், சிலிண்டருக்கு ஒரு வரிசையாக வைத்துவிட்டு, கேஸ்கெட் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன்.

"மாமா" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த நாலையும் கழுவினீங்களா?"

"அழுக்கா இருந்துச்சு."

"கழுவி?"

"சைஸ்படி வெச்சேன். பின்ன எப்படி வைப்பாங்க?" பேப்பரை மடித்தார். "மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு. இல்லன்னா எல்லாத்தையும் கழுவியிருப்பேன்."

மண்ணெண்ணெய் தீர்ந்துபோனதற்கு நான் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்.

"இதனாலதான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

எதிரே வெல்டர் எதையோ பற்றவைத்தார், கொட்டகை நீலமாகி அணைந்தது.

"செவ்வாய்க்கிழமை நீ மூணுன்னு சொன்னப்ப. நான் கழுவினதும் மூணாவது வரிசை. அப்பவே லேசா உறுத்துச்சு."

"மூணு நாள் மாமா. பக்கத்துலயே உக்காந்துட்டு. கை வெந்து கிடக்கு பாருங்க."

"வெள்ளிக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். "ஒரு நாள் போதும்ல சரி பண்ண? கணக்குப் போட்டுத்தான் வெச்சிருந்தேன். நேத்து ராத்திரி தூக்கம் வரல. அதான் இன்னிக்கே கடிகாரத்தைக் காட்டினேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அந்த வீட்டுல ஒரு நாற்காலி இருக்கு மாப்ள. இங்கயும் ஒண்ணு இருக்கு. இங்க டீ வருது."

இன்னும் ஒரு நாள் ஓட்டியிருந்தால் அந்த வால்வு கருகியிருக்கும், ஹெட்டை மறுபடி இறக்க வேண்டி வந்திருக்கும், சனிக்கிழமை பஸ்தான். அதைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. ஸ்டோர் வேலை பார்த்தவருக்கு அடுத்தவன் வைத்த பொருளைத் தொடக் கூடாது என்று தெரியாதா என்று கேட்டேன். பூட்டின பிறகு பதினாறையும் ஒவ்வொன்றாக அளந்தவன் நான், எப்படி என் கண்ணுக்குத் தப்பியது என்று என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டேன்.

"அளக்கல" என்றார் அவர்.

"என்னது?"

"மூணாவது வரிசைய நீ அளக்கல. நான் பார்த்துட்டுதான் இருந்தேன். அன்னிக்கு மத்தியானம் அவகூட ஸ்பீக்கர்ல பேசிட்டு இருந்தேன். அவ வீட்டுக்காரர்கிட்ட 'சாப்பிட்டீங்களா, தட்டு வைக்கட்டா'ன்னு கேட்டா, ஞாபகம் இருக்கா? நீ ரெண்டை முடிச்சிருந்த. தகடைத் துடைச்ச. துடைச்சுட்டே இருந்த. அப்பறம் நாலுக்குப் போயிட்ட."

நான் அளந்ததாகத்தான் நினைத்திருந்தேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பேன். அவர் சொல்லச் சொல்ல அந்தத் தகடு விரலில் வந்தது, துடைத்த துணி வந்தது, அந்தக் குரல் வந்தது. மூன்றாவது வரிசை மட்டும் வரவில்லை.

ஒருவன் தப்பு செய்வது வேறு. செய்யும்போது இன்னொருத்தர் உட்கார்ந்து, ஏன் செய்கிறான் என்றும் தெரிந்துகொண்டு, பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார் என்பது வேறு.

"வீட்டுக்குப் போங்க மாமா" என்றேன்.

அவர் போனார். பேப்பரை எடுத்துக்கொள்ளவில்லை.

நான்கு ஷிம்மையும் அதனதன் இடத்தில் வைத்தேன். எது எங்கே என்று சுவரில் பென்சிலால் எழுதிய கணக்கு இருந்தது. கேமை இறக்கிப் பூட்டி, பதினாறையும் அளந்தேன். அளந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தேன். மூடியைப் பூட்டி ஸ்டார்ட் செய்து, பக்கத்திலேயே நின்றேன். எட்டு நிமிடம் போயிற்று. பத்து போயிற்று. அரை மணி நேரம் நின்றேன். விக்கல் இல்லை, தையல் மெஷின் இல்லை. ஒரே சீராக, பேச ஒன்றும் இல்லாத ஆள் மூச்சு விடுவதுபோல ஓடியது. வெல்டர் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள்: நான்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மாமனார் வந்தார். நேற்று ஒன்றும் நடக்காததுபோல, நேற்றைய பேப்பர் எங்கே என்று கேட்டார். சாவியை அவரிடம் கொடுத்தேன். பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்துகொள்ள, ஒரு மணி நேரம் ஓட்டினார். குறுக்கே வந்த சைக்கிளுக்கு நிதானமாக பிரேக் போட்டார், திருப்பத்தில் கண்ணாடியைப் பார்த்தார், லாரிக்கு வழி விட்டார். மேட்டில் ஏறும்போது ஜன்னலை இறக்கிக் காதைச் சாய்த்துக் கேட்டார். "நாலும் இழுக்குதுல்ல?" என்றார். "நாலும் இழுக்குது" என்றேன்.

மத்தியானம் என் போன் அடித்தது. அந்த எண்ணை நான் அழித்து மூன்று வருடம் ஆகிறது. அழித்தால் என்ன, மனப்பாடம்.

"நான்தான்" என்றாள்.

"தெரியும்."

"வண்டி சரியாயிடுச்சாமே. என்ன பிரச்சினைன்னு கேட்டா அப்பா மழுப்பறாரு." பின்னால் ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. "அவர் எதையாவது எடுத்து ஒழுங்கு பண்றேன்னு கையை வெச்சாரா? போன தடவை இங்க வந்தப்ப இவனோட மருந்தெல்லாம் எடுத்து, பாட்டில் உயரத்துக்கு வரிசையா அடுக்கி வெச்சுட்டாரு. எது காலைல, எது ராத்திரின்னே தெரியாம மாத்திக் குடுத்துட்டேன். எனக்கு உசுரே போயிடுச்சு."

நான் போனை வெந்த கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினேன்.

"உண்மைய சொல்லுங்க. அவர் முன்ன மாதிரி இல்லைன்னு உங்களுக்கும் தோணுச்சுன்னா, இப்பவே டிக்கெட் போடறேன். வண்டிய நீங்களே வெச்சுக்கங்க. எண்ணூறு கிலோமீட்டர் தனியா அனுப்ப எனக்கு பயமா இருக்கு."

மாமனார் கார் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. தூங்குகிறவர் இமை அப்படி இருக்காது.

"நான் ஒரு வரிசைய அளக்காம விட்டுட்டேன்" என்றேன்.

"நீங்களா?"

"நான்தான். ரெண்டு வரைக்கும் அளந்துட்டு, மூணை விட்டுட்டு நாலுக்குப் போயிட்டேன். அளந்திருந்தா அங்கயே மாட்டியிருக்கும்."

குழந்தை தட்டுவதை நிறுத்தியது. அவள் லேசாகச் சிரித்தாள். அதில் வன்மம் கிடையாது. எதிர்பார்த்த விடை வந்ததும் வரும் சிரிப்பு.

"பாதியில. நீங்க மாறவே இல்ல."

"இல்ல."

"அப்ப அப்பா?"

"நல்லா ஓட்டறாரு. காலைல பக்கத்துல உக்காந்து பார்த்தேன். என்னைவிட நல்லா ஓட்டறாரு. நடுவுல ஒரு ராத்திரி எங்கயாவது தங்கிட்டு வரச் சொல்லு, போதும்."

"சரி." கொஞ்சம் நின்றாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள் என்று நினைத்தேன். "வெச்சுடறேன்" என்றாள்.

நான் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. முழுதும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மாமனார் கண்ணைத் திறக்காமலே, "டீ போடறியா மாப்ள?" என்றார். போட்டேன்.

சனிக்கிழமை காலை காரைக் கழுவி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டை வாங்கினவர்கள் விடிவதற்கு முன்பே வந்து, சாவியையும் வாங்கிவிட்டிருந்தார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்க்கும் சத்தம். வாசலில் அவர்களுடைய செருப்புகள், பெரிசும் சின்னதுமாக ஏழெட்டு ஜோடி. மாமனார் ஒரு பையோடும் ஒரு தண்ணீர் பாட்டிலோடும் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். பையைப் பின்சீட்டில் வைத்தேன். எண்ணெய் அளவைக் காட்டினேன். இருநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, ஆறவிட்டுப் பார்க்கச் சொன்னேன். வேகம் எழுபதைத் தாண்டக் கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இன்ஜினை நான்தான் ஸ்டார்ட் செய்தேன், சூடேறட்டும் என்று.

"அவகிட்ட ஏன் அப்படிச் சொன்ன?" என்றார்.

"அளக்கலல்ல?"

அவர் என் வெந்த உள்ளங்கையைப் பார்த்தார். "இரு, வந்துடறேன்" என்று வீட்டுக்குத் திரும்பினார். தன் வீட்டு வாசலில் நின்று பெல்லை அடித்தார். அந்த பெல்லை அவர் அதுவரை வெளியிலிருந்து அடித்திருப்பாரா என்று தெரியவில்லை. புடவையை இழுத்துச் செருகிய ஒரு பெண் ஈரக் கையோடு கதவைத் திறந்தாள்.

"என்னங்க ஐயா, எதையாவது விட்டுட்டீங்களா?"

"ஆமாம்மா. ஒரு நிமிஷம்."

உள்ளே போனார். நான் காரில் சாய்ந்து நின்றேன். எட்டு நிமிடம் தாண்டியது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். இன்ஜின் சீராக ஓடியது. உள்ளே ஒரு அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம், குழாய் ஒன்று திறந்து நிற்கும் சத்தம், ஒரு குழந்தை "யாரும்மா இந்த தாத்தா?" என்று கேட்பது. பிறகு அவர் வெளியே வந்தார். இரண்டு கையிலும் ஒன்றும் இல்லை. படியில் நின்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அதிலும் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். இன்ஜின் அவ்வளவு நிதானமாக ஓடிக்கொண்டிருந்ததால், உள்ளே தாழ்ப்பாள் விழுவதும், அதற்குப் பிறகு பூட்டில் சாவி ஒருமுறை திரும்பி, இன்னொரு முறை திரும்புவதும், எங்கள் இரண்டு பேருக்கும் தெளிவாகக் கேட்டது.